ஜன்னலுக்கு அடித்த தகரம்

தண்டையார்பேட்டை
20.01.2024

அன்புள்ள லாத்தா காத்தூன் பீவிக்கு, தங்கை லுப்னா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் பிள்ளை நசீரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் முட்டிவலி, சர்க்கரை, மகன் தௌசீஃப், மருமகள் சைமா எல்லாருடைய சுகத்துக்கும் எழுது. போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்காது. தௌசீஃப் நடுவில் நின்றுகொண்டு நான் பத்துச் சொன்னால் இரண்டைத்தான் உன் காதில் கத்துவான். அதுவும் போக, எனக்கு உன்னிடமிருந்து எழுத்தில் ஒன்று வேண்டியிருக்கிறது.

போன மாதம் நசீர் வேலை பார்க்கிற இடத்தில் விபத்து. எண்ணூரில் ஒரு இழுவைப் படகின் அடித்தட்டில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு ஒரு மஞ்சள் பல்பு. கூட வேலை செய்கிற வெள்ளத்துரை, "மாமே, இது கறுப்பா பாரு" என்று கேட்டிருக்கிறான். கறுப்பு என்றால் கரண்ட் இல்லாத ஒயராம். நம் பிள்ளை, "கறுப்புதான், தொடு" என்றிருக்கிறான். அது நீலம். கரண்ட் ஓடிக்கொண்டிருந்த நீலம். வெள்ளத்துரைக்கு வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே நசீருக்குக் கண் பரிசோதனை. நிறப் புள்ளிகளுக்குள்ளே எண் ஒளிந்திருக்குமே, அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று விடாமல் படித்துவிட்டான். அதுவே வினையாகிவிட்டது. விசாரிக்கிற அதிகாரி சுப்புராஜ் என் முன்னாலேயே அவனைக் கேட்டார்: "கண்ணு சூப்பராத்தான் கீது. அப்போ வேணும்னே தான சொன்ன?" முந்தின வாரம் இரண்டு பேருக்கும் டீக்கடையில் ஏதோ வாய்ச்சண்டையாம். போலீசுக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார்கள்.

நான் விடவில்லை. கண் டாக்டர் கார்குழலியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒரே துணியை மூன்று விளக்கின் கீழே காட்டினார். நசீர் மூன்று நிறம் சொன்னான். கண்ணில் பழுதில்லையாம். வெளிச்சம் மாறினாலும் நீலத்தை நீலமாகவே பார்ப்பது மூளை பழகுகிற பழக்கமாம். பிறந்த முதல் மாதங்களில் வெயில், நிழல், விளக்கு எல்லாம் பார்த்துத்தான் அது பழகுமாம். குரங்குக் குட்டிகளை ஒரே நிற வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தார்களாம். வளர்ந்த பிறகு விளக்கை மாற்றினால் அவற்றுக்கு நிறம் பிடிபடவில்லையாம். "மனுஷக் குழந்தையை யாரும்மா அப்படி வளர்ப்பாங்க? அதனால அடிச்சுச் சொல்ல முடியாது. முதல் ரெண்டு வருஷம் இவர் எங்க வளர்ந்தார்?" என்று கேட்டார்.

நான் குவைத்தில் இருந்தேன், என் லாத்தாவிடம் வளர்ந்தான் என்றேன். வளர்த்தவர் எழுதித் தந்தால் தானும் எழுதித் தருவதாகச் சொல்கிறார். எந்த அறை, என்ன விளக்கு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

லுப்னா

*

நாகூர்
02.02.2024

அன்புத் தங்கை லுப்னாவுக்கு, லாத்தா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

முட்டி நான் சொன்னபடி கேட்பதில்லை, மருமகளும் கேட்பதில்லை, மற்றபடி நான் நலம். சைமா நல்ல பெண்தான்; காது கேட்காத மாமியார் கிடைத்தால் எந்தப் பெண்ணும் நல்ல பெண்ணாகவே இருப்பாள்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளத்துரையை நினைத்தும் அழுதேன். நசீர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை பார். ஜும்ஆ தொழுதுவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். "பெரியம்மா, துன்னியா?" என்பான். நான் "துன்னேன்டா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. யார் பேசினாலும் எனக்குக் குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. அவன் குரல் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ குவைத்திலிருந்து வந்த வருஷம் பெருநாளைக்கு அவனுக்கு நீலச் சட்டை வாங்கினாய். வீட்டுக்குள்ளே போட்டுக்கொண்டு குதித்தான். வெயிலுக்கு வந்ததும் குனிந்து பார்த்துவிட்டு, "இது என் சட்டை இல்லை" என்று கழற்றி வீசினான். நாம் எல்லாரும் எப்படிச் சிரித்தோம்! உன் மதார் மச்சான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்து காட்டினார். பிள்ளை அழுதது அழுதபடியே இருந்தது. இப்போது அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

அறையைப் பற்றி நீ கேட்டதை யோசித்து எழுதுகிறேன். துஆ செய். வஸ்ஸலாம்.

காத்தூன்

*

தண்டையார்பேட்டை
10.02.2024

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். நலம்.

சட்டைக் கதையை எழுத உனக்குப் பக்கம் இருக்கிறது, நான் கேட்ட நாலு வரிக்கு இடம் இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? மறந்துபோயிருந்தால் நானே சொல்கிறேன்.

அப்போது நீயும் மதார் மச்சானும் சென்னையில்தானே குடியிருந்தீர்கள். சாத்தாங்காட்டில் மச்சானின் பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் இருந்த அறை. துறைமுகத்து ஏலத்தில் கழித்துப் போட்ட மஞ்சள் சோடியம் விளக்கை மச்சான் கொண்டுவந்து மாட்டினார். பகலிலும் அதுதான் எரிந்தது. அந்த விளக்கில் எல்லாமே மஞ்சள், இல்லாவிட்டால் கறுப்பு. வேறு நிறமே கிடையாது. டாக்டரிடம் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜன்னலை ஏன் அடைத்தீர்கள் என்று விசாரணையில் கேட்பார்கள். கால்வாய்ப் பக்கம், கொசுத் தொல்லை, மஞ்சள் விளக்குக்குக் கொசு வராது என்று சொன்னார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயந்து தகரம் அடித்தோம் என்று எழுது. மார்ச் ஆறாம் தேதி விசாரணை. அதற்குள் காகிதம் வராவிட்டால் உன் நசீர் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பான். முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வஸ்ஸலாம்.

லுப்னா

*

நாகூர்
19.02.2024

அன்புத் தங்கைக்கு ஸலாம். தைலம் கிடைத்தது. எல்லாரும் சுகம்.

கொசுவா?

உன் புருஷன் அத்தாவுல்லாவைக் கொசு என்று நீ சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். கோபப்படாதே. நீ எழுதச் சொன்னதை எழுதுவதற்கு முன்னால் நாம் இரண்டு பேராவது உள்ளதைப் பேசிக்கொள்வோம். மதார் மச்சானும் மவுத்தாகிவிட்டார். இது தெரிந்தவர்கள் இனி நீயும் நானும்தான்.

மூன்று மாதப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு நீ விமானம் ஏறினாய். அவன் அடித்த அடியின் தடிப்பு அப்போதும் உன் முதுகில் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. "அவனும் அவன் உம்மாவும் பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க. யார் கண்ணிலும் காட்டாதே லாத்தா" என்று அழுதாய். குவைத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில், "ஜன்னலை அடைச்சாச்சா? தகரம் அடிச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்பாய். பிள்ளை சிரித்தானா என்று பிறகுதான் கேட்பாய். அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததே பகலெல்லாம் இரும்பு வெட்டுகிற சத்தத்தில் பிள்ளை அழுவது தெருவுக்குக் கேட்காது என்றுதான். பிள்ளைக்காக உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சத்தத்தில்தான் காது போயிற்று. தடுப்பூசிக்கு மட்டும் என் துப்பட்டிக்குள் மூடிக்கொண்டு போவேன். இருட்டினால் சந்தில் தூக்கிக்கொண்டு நடப்பேன். அங்கேயும் அதே மஞ்சள் விளக்குதான்.

அத்தாவுல்லா வந்தான், லுப்னா. ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசியாக வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் லாரி வைத்திருந்தான். "லாத்தா, தூரமா நின்னு ஒருவாட்டி பாத்துட்டுப் பூட்றேன்" என்றான். பிள்ளை இங்கே இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அப்போது நசீர் என் பின்னால் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

இதையெல்லாம் எழுதவா? எழுதினால் நசீர் படிப்பான். நீ சொல், எழுதுகிறேன். வஸ்ஸலாம்.

காத்தூன்

*

தண்டையார்பேட்டை
25.02.2024

லாத்தாவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தைக் கொளுத்திவிட்டேன். இனி இந்த மாதிரி எழுதாதே. கடிதம் வந்தால் நசீர்தான் சில நாள் கையெழுத்துப் போட்டு வாங்குகிறான்.

"உன் வாப்பா உன்னைத் திரும்பியே பார்க்கல" என்று சொல்லித்தான் இவனை வளர்த்தேன். அத்தாவுல்லா கொரோனாவில் மவுத்தானபோது, "அந்தாளுக்கு நான் இன்னாத்துக்கு வரணும்?" என்று ஜனாஸாவுக்குக்கூட இவன் போகவில்லை. இப்போது போய், அவர் லாரி பொம்மையோடு வாசலில் நின்றார் என்று சொன்னால் என் முகத்தில் விழிப்பானா? எனக்கு இவனை விட்டால் யார் இருக்கிறார்கள்? உனக்குத் தௌசீஃப் இருக்கிறான்.

இன்னொன்றும் வேண்டும். சுப்புராஜ், "தாய்க்குத் தெரியாதா?" என்று நோண்டுவார். லுப்னா போனில் ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துவிடு. அப்போது பேச்சு என் பக்கம் திரும்பாது. உன்னை யாரும் நாகூருக்கு வந்து பிடிக்கப்போவதில்லை.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பிள்ளையைக் காப்பாற்று. சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடு. வஸ்ஸலாம்.

லுப்னா

*

நாகூர்
29.02.2024

லுப்னாவுக்கு ஸலாம். நலம், உன் நலத்துக்கு வேண்டுகிறேன்.

காகிதம் இதோடு இருக்கிறது. கொசு என்று எழுதிவிட்டேன். என் அறியாமை என்று எழுதிவிட்டேன். நீ திறக்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிட்டேன். அந்த வரியை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை, நான்தான் நின்றேன். சைமா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் முடித்தேன்.

பதிலுக்கு உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாப்பா வந்ததை நீ அவனிடம் சொல்ல வேண்டாம். அது உன் பாடு. ஆனால் விசாரணை முடிந்த பிறகு அவனைத் தனியாக உட்கார வைத்து, "பெரியம்மா தானா முடிவு பண்ணலடா, நானும்தான் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிடு. அவ்வளவு போதும். அவன் என்னை அப்படி நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. எனக்கு அது தாங்காது. வஸ்ஸலாம்.

காத்தூன்

*

தண்டையார்பேட்டை
14.04.2024

அன்புள்ள லாத்தாவுக்குப் பெருநாள் வாழ்த்தும் ஸலாமும். உன் துஆவில் எல்லாரும் சுகம்.

விசாரணை நல்லபடியாக முடிந்தது. உன் காகிதத்தை சுப்புராஜ் சத்தமாகப் படித்தார். டாக்டர் கார்குழலியும் எழுதிக் கொடுத்தார். போலீஸ் பேச்சை விட்டுவிட்டார்கள். நசீருக்கு இனி ஒயர் வேலை இல்லை. ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் நம்பர்தான், நிறத்துக்கு வேலை இல்லை. வெள்ளத்துரை முன்னால் மட்டும் அவன் தலையைத் தூக்குவதில்லை.

பெருநாளைக்கு நாகூர் வராததற்கு வருத்தப்படாதே. புது வேலை, லீவு கிடைக்கவில்லை. நசீரின் போனும் பழுது. நீ கேட்டதைச் சமயம் பார்த்துச் சொல்கிறேன். இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ மோர் நிறையக் குடி. வஸ்ஸலாம்.

லுப்னா

*

நாகூர்
27.05.2024

லுப்னாவுக்கு ஸலாம். சுகம்.

நசீரின் போன் பழுதில்லை. தௌசீஃப் கடைச் சாமான் எடுக்கச் சென்னை வந்தபோது அவனைப் பார்த்திருக்கிறான். திருவொற்றியூரில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கெழம போன எதிர்பாத்துகினே கீது உம்மா, பேசேன்டா" என்றானாம். அதற்கு நசீர் சொன்னதைத் தௌசீஃப் முதலில் என்னிடம் மறைத்தான். நான் சோறு வேண்டாம் என்று உட்கார்ந்த பிறகுதான் காதில் கத்தினான்.

"இன்னாத்துக்குப் பேசணும்? எங்கம்மா அங்கேர்ந்து தொற தொறன்னு சொல்லிச்சாம். அந்தக் கெயவி கேக்கல. கொசுவுக்காக என்னை ரெண்டு வருசம் டப்பாவுல போட்டு மூடிச்சி. வெள்ளத்துரை கைய நான் டெய்லி பாத்துகினு கீறேன்டா. அத்த யாரு குடுப்பா, உங்கம்மாவா?"

கெயவி என்றானாம். நான் கிழவிதான், அதற்கென்ன. ஆனால் "பெரியம்மா" என்று சொல்ல அவன் வாய் வரவில்லை என்று தௌசீஃப் சொன்னதை இன்னொரு தரம் கத்தச் சொல்லிக் கேட்டேன்.

அவனிடம் சொன்னாயா, சொல்லவில்லையா? ஒரு வரியில் எழுது. வஸ்ஸலாம்.

காத்தூன்

*

நாகூர்
30.08.2024

லுப்னாவுக்கு ஸலாம். மூன்று மாதமாக உன் பதில் இல்லை. நீ நலம் என்று தௌசீஃப் மூலம் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிகிற நேரத்துக்குப் போனை மடியில் வைத்துக்கொள்கிறேன். அடித்தால் காதுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும் என்று. சைமா சோற்றை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். வஸ்ஸலாம்.

காத்தூன்

*

நாகூர்
11.11.2024

என் கண்ணான மகன் நசீருக்கு, பெரியம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ சுகமாக இருக்க ராவும் பகலும் துஆ செய்கிறேன். நான் நலம், துன்னேன்.

இதோடு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். தைத்தது நம் தெருத் தையல்காரர். அளவு போன வருஷப் பெருநாளில் நீ இங்கே விட்டுப்போன சட்டையிலிருந்து எடுத்தது, இளைத்திருந்தால் பிடித்துக்கொள். நிறம் நீலம். காலரின் உள்பக்கம் வெள்ளை நூலில் ந என்று நானே தைத்திருக்கிறேன். வீட்டுக்குள் ஒரு மாதிரி தெரியும், வெயிலுக்குப் போனால் வேறு மாதிரி தெரியும், பஸ் விளக்கில் இன்னொரு மாதிரி தெரியும். சந்தேகம் வந்தால் காலரைத் திருப்பிப் பார். எங்கே நின்று பார்த்தாலும் அது உன் சட்டைதான்டா.

நீ கோபமாக இருப்பது நியாயம். வேளைக்குச் சாப்பிடு. உம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். வஸ்ஸலாம்.

பெரியம்மா

*

தண்டையார்பேட்டை
02.12.2024

அன்புள்ள லாத்தாவுக்கு ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் நலம். உன் நலத்தைக் கேட்டதாகச் சைமாவிடமும் சொல்.

இங்கே விடாமல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அதனால்தான் கடிதம் போடத் தாமதம். எனக்கும் இடுப்பு வலி, வயதாகிறது அல்லவா.

சட்டை வந்தது. நல்ல தையல். நசீர் வேண்டாம் என்றுவிட்டான். வீணாக வேண்டாமே என்று வெள்ளத்துரைக்குக் கொடுத்துவிட்டோம். காலரில் இருந்த நூலை நான் பிரித்துவிட்டேன். அவனுக்கு அளவு சரியாக இருக்கிறது. பொத்தான் மட்டும் அவன் அம்மா போட்டுவிட வேண்டியிருக்கிறது.

பார்சலை நான்தான் வாங்கினேன். உள்ளே இருந்த கடிதத்தை நசீரிடம் கொடுப்பதற்கு முன்னால் படித்துப் பார்த்தேன். தப்பாக நினைக்காதே, என் பயம் எனக்கு. நீ ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உன் நல்ல மனசுக்கு அல்லாஹ் நற்கூலி தருவான். இருந்தாலும் அவன் மனசு கலங்கிவிடும் என்று கடிதத்தை நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த மழை விடட்டும். வஸ்ஸலாம்.

லுப்னா

*

நாகூர்
09.12.2024

லுப்னாவுக்கு ஸலாம்.

என் கடிதத்தில் ஒன்றும் இல்லை என்று உனக்கு நிம்மதி. நீ பயந்ததை எழுத எனக்கு நாலு வரி போதும். எழுதியிருந்தால் அவனுக்குப் பெரியம்மா திரும்பக் கிடைத்திருப்பாள், உம்மா போயிருப்பாள். ஏற்கெனவே வாப்பா இல்லாத பிள்ளை. அதனால்தான் சட்டையைப் பற்றி மட்டும் எழுதினேன். அந்தக் கடிதத்தையும் நீ அவனுக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அத்தாவுல்லாவிடம், பிள்ளை இங்கே இல்லை என்று நான் சொன்னேன். இப்போது நசீரிடம், பெரியம்மா ஒரு வரியும் எழுதவில்லை என்று நீ சொல்கிறாய். நான் உனக்காகச் சொன்னேன். நீயும் உனக்காகத்தான் சொல்கிறாய்.

இனி எனக்கு எழுதாதே. எழுதப் படிக்க நீதான் அவனுக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தாய். உன் எழுத்தும் அவன் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். தபால்காரர் உறையை நீட்டும்போதெல்லாம் என் நசீர் எழுதிவிட்டான் என்று நினைத்துத்தான் பிரிக்கிறேன்.

காத்தூன் பீவி